ஆபீஸில் வரும் பேங்க், இன்சூரன்ஸ் இங்கிலீஷ் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

ஹார்பர்_லைன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் ராஜபாளையம் பக்கம், பன்னிரண்டு வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். மும்பைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கோலிவாடாவில் மூன்று பேரோடு ரூம், வேலை ஒரு இன்சூரன்ஸ் புரோக்கர் ஆபீஸில். கணக்கு என்றால் எனக்குப் பயமில்லை, பற்று வரவு தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பேச்சு இங்கிலீஷைக்கூடத் தட்டுத்தடுமாறிச் சமாளித்துவிடுகிறேன். ஆனால் மெயிலிலும் பாலிசிக் காகிதத்திலும் வருகிற இங்கிலீஷ் வேறு ஏதோ ஊர் இங்கிலீஷ் மாதிரி இருக்கிறது.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். ஒருவருடைய ஆஸ்பத்திரி க்ளெய்முக்குக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அதில் 'ரெப்யூடியேட்டட்' என்று இருந்தது. எனக்கு ரெப்யூட்டேஷன் தெரியும், நற்பெயர். இதுவும் ஏதோ நல்ல சமாசாரம்தான் என்று நினைத்து, அவருக்கு போன் போட்டு, கவலைப்படாதீர்கள் சார், லெட்டர் வந்துவிட்டது, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் அவர் அந்தக் கடிதத்தோடு நேரில் வந்து நின்றார். பணம் தர முடியாது என்பதைத்தான் அந்தச் சொல்லில் எழுதியிருக்கிறார்கள். மேனேஜர் திட்டியதுகூடப் பரவாயில்லை, அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தாரே, அதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

இந்தி தன் பங்குக்குப் படுத்துகிறது. வட்டிக்கும் ப்யாஜ், வெங்காயத்துக்கும் ப்யாஜ். முதல் எழுத்தில் ஏதோ வித்தியாசம் இருக்கிறதாம், தமிழில் எழுதி வைத்து மனப்பாடம் செய்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? வட்டி எவ்வளவு என்று கேட்கப்போய், வாஷி மார்க்கெட்டில் போய்க் கேள் என்று பதில் வாங்கினேன்.

ஆயிரம் சொற்கள் என்று ஒரு புத்தகம் வாங்கி, ஏ-யிலிருந்து எஃப் வரை வந்தேன். ஜி வருவதற்குள் ஏ மறந்துவிட்டது. 'டெப்ட்' என்று வாசித்ததற்கும் 'மார்ட்கேஜ்' என்று வாசித்ததற்கும் ஆபீஸில் இன்னும் கிண்டல் ஓய்ந்தபாடில்லை. இந்தச் சொற்களை எப்படித்தான் படிப்பது? தமிழ் அர்த்தத்தோடு படிப்பதா, இங்கிலீஷிலேயே படிப்பதா? இந்த வேலையில் இருக்கிற அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.


டெய்லி_பேப்பர் எழுதியது:

தினமும் ஒரு இங்கிலீஷ் பிசினஸ் பேப்பர் வாங்கிப் படியுங்கள் ப்ரோ. ஆறு மாதத்தில் எல்லாம் தானாக வந்துவிடும்.


ஹார்பர்_லைன் எழுதியது:

அதையும் செய்து பார்த்தேன் அண்ணா. முதல் நாளே 'வங்கிகள் 70 சதவீதம் ஹேர்கட் எடுத்தன' என்று இருந்தது. பேங்க் எதற்கு முடி வெட்டிக்கொள்கிறது என்று யோசித்துக்கொண்டே சயான் ஸ்டேஷன் வந்துவிட்டது.


ஓய்வுபெற்ற_கேஷியர் எழுதியது:

ஹேர்கட் என்றால் வர வேண்டிய கடனில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பது. 100 கோடி வர வேண்டிய இடத்தில் 30 கோடிதான் கிடைக்கும் என்று ஒப்புக்கொண்டால் அது 70 சதவீத ஹேர்கட். முடி போகிறது, தலை மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் தம்பி.

நான் 1980களில் பம்பாய்க்கு வந்தவன், ஃபோர்ட் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டு இப்போது செம்பூரில் பேரனோடு பொழுதைப் போக்குகிறேன். நானும் தமிழ் மீடியம்தான். என் கருத்து, சொற்பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். இந்தச் சொற்கள் அகராதியில் வாழ்பவை அல்ல, ஒவ்வொன்றும் ஒரு காகிதத்தில் வாழ்கிறது. ஒரு நேரத்துக்கு ஒரு காகிதத்தை எடுத்து, அதில் உள்ள அத்தனை சொல்லையும் முடித்துவிட்டு அடுத்த காகிதத்துக்குப் போங்கள்.

முதலில் உங்கள் பாஸ்புக். பற்று வரவு தெரியும் என்கிறீர்களே, சரி, ஒரு கேள்வி. ரொக்கம் கையில் வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று எழுதுவோம் என்றுதானே பி.காமில் படித்தீர்கள்? அப்படியானால் சம்பளம் வந்ததும் பேங்க் ஏன் 'கிரெடிட்டட்' என்று செய்தி அனுப்புகிறது? ஏனென்றால் அது உங்கள் புத்தகம் இல்லை, பேங்கின் புத்தகம். உங்கள் பணம் அவர்களுக்குக் கடன், உங்களுக்குத் திருப்பித் தர வேண்டியது, அதனால் வரவுப் பக்கம். இது புரிந்துவிட்டால் கிரெடிட், டெபிட், லயபிலிட்டி (தர வேண்டிய கடன்), அஸெட் (சொத்து) நான்கும் ஒரே மூச்சில் வந்துவிடும். கடன் கொடுத்ததை பேங்க் ஏன் சொத்து என்கிறது, அது வராமல் போனால் ஏன் 'நான் பெர்ஃபார்மிங் அஸெட்' என்கிறது என்பதும் இதே கதைதான். தவணை 90 நாளுக்கு மேல் தவறினால் என்பிஏ. மாடு தொழுவத்தில்தான் நிற்கிறது, ஆனால் பால் வற்றிவிட்டது.

அடுத்தது கடன் பத்திரம். இதில் நம்மவர்களுக்குப் பாதிச் சொல் ஏற்கெனவே தெரியும், தெரியும் என்பதுதான் தெரியாது. ஊரில் புரோநோட்டு எழுதிக் கடன் வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் 'புரோ'தான் ப்ராமிசரி. ஜாமீன் போடுகிறவர் கியாரண்டர். நகையைக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கினால் அடகு, அது ப்ளெட்ஜ். வீட்டையோ நிலத்தையோ எழுதிக்கொடுத்தால் அடமானம், அது மார்கேஜ், நடுவில் வரும் 'டி'யைச் சொல்லக் கூடாது. பைக் உங்களிடமே ஓடுகிறது, ஆனால் ஆர்சி புக்கில் எச்பி என்று போட்டிருக்கிறது இல்லையா, பொருள் கடனாளி கையில், உரிமைப்பிடி பேங்க் கையில், அதன் பெயர் ஹைப்போதிகேஷன். கடன் முடிந்ததும் என்ஓசி, அதாவது ஆட்சேபம் இல்லை என்ற கடிதம், வாங்கி எச்பி கேன்சல் செய்ய அலைந்தவர்கள் யாரும் அந்தச் சொல்லை மறக்க மாட்டார்கள். எஃப்டி மேல் கடன் வாங்கினால் அந்த எஃப்டியை எடுக்க முடியாதபடி ஒரு முத்திரை விழும், அது லியன், வாயால் சொல்லும்போது 'லீன்'.

ஒரு சின்னத் தந்திரம். ஆள் பெயர்கள் ஜோடி ஜோடியாக வரும். செக் எழுதுகிறவர் டிராயர், யார் மேல் எழுதப்பட்டதோ அந்த பேங்க் டிராயீ, பணம் யாருக்கோ அவர் பேயீ. செய்கிறவருக்கு 'அர்', பெறுகிறவருக்கு 'ஈ'. ஆனால் மார்கேஜில் எல்லோரும் வழுக்கி விழுவார்கள், நானும் விழுந்தேன். மார்கேஜி என்பவர் வீட்டை அடமானம் வைத்தவர் என்று நினைத்து ஒரு பாரத்தில் வாடிக்கையாளர் பெயரை எழுதிவிட்டேன். அடமானத்தைக் கொடுப்பவர்தான் மார்கேஜர், அதைப் பெறுகிற பேங்க்தான் மார்கேஜி. அன்றைக்கு ஆபீசர் அந்தப் பாரத்தைக் கிழித்த சத்தம் இன்னும் கேட்கிறது.

தமிழ் அர்த்தம் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டும். அசல், வட்டி, தவணை, நிலுவை, பிணை, ஈடு, இதெல்லாம் நம் கையில் இருக்கும்போது எதற்குச் சும்மா மனப்பாடம்? 'அவுட்ஸ்டாண்டிங்' என்பதைப் பள்ளி ரிப்போர்ட் கார்டில் பார்த்தவனுக்கு அது பாராட்டு, நிலுவை என்று அறிந்தவனுக்கு அது பாக்கி. 'கேபிடல் எரோஷன்' என்றால் முதலுக்கே மோசம். 'யீல்ட்' என்றால் மகசூல். ராஜபாளையத்துக்காரருக்கு மகசூலைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா?

(இன்னொன்று, இது வேலைக்கு உதவாது, சுவைக்காக. இங்கிலீஷில் கேஷ் என்று இரண்டு சொல் உண்டு. ரொக்கம் என்கிற கேஷ் பிரெஞ்சு, இத்தாலியப் பக்கம் 'பெட்டி' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆனால் இந்தப் பக்கத்துச் சில்லறை நாணயத்தை அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் கேஷ் என்று எழுதினார்களே, அது நம் காசு, போர்ச்சுகீசியர் வழியாகப் போனது.)


மாட்டுங்கா_அக்கா எழுதியது:

ஹார்பர் தம்பி, ரெப்யூடியேட்டில் மாட்டிய முதல் ஆள் நீ இல்லை, மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நான் ஹெல்த் க்ளெய்ம் பக்கம் பதினோரு வருஷம். கடிதத்தில் ரெப்யூடியேட் என்று வந்தால் காகிதத்தையெல்லாம் பார்த்து, பாலிசி விதியைக் காட்டி மறுத்துவிட்டார்கள் என்று பொருள். 'க்ளோஸ்டு' என்று வந்தால் பெரும்பாலும் கேட்ட காகிதம் வரவில்லை, ஃபைலை மூடிவிட்டார்கள், காகிதம் கொடுத்தால் திறக்க வாய்ப்பு உண்டு. 'கொயரி ரெய்ஸ்டு' என்றால் இன்னும் ஏதோ கேட்கிறார்கள். வாடிக்கையாளருக்கு இந்த மூன்றும் மூன்று விதமான ராத்திரி, அதனால் இவற்றில் மட்டும் தடுமாறவே கூடாது.

கேஷியர் ஐயா சொன்னதுபோல் ஒரு பாலிசிக் காகிதத்தை எடு. உங்கள் ஆபீஸில் கட்டுக்கட்டாகக் கிடக்குமே. முதலில் விண்ணப்பம், அதற்குப் பெயர் ப்ரொபோசல், போடுகிறவர் ப்ரொபோஸர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் போனில் யாரிடமோ 'ப்ரொபோசல் ரிஜெக்ட் ஆகிவிட்டது' என்று சொல்ல, பக்கத்தில் இருந்த என் அம்மா அன்று ராத்திரி முழுக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்!

ஆயுள் காப்பீட்டில் 'சம் அஷ்யூர்டு', ஹெல்த்திலும் வண்டியிலும் 'சம் இன்ஷ்யூர்டு'. சாவு நிச்சயம், அதனால் அது அஷ்யூர்டு. விபத்தும் காய்ச்சலும் வரலாம் வராமலும் போகலாம், அதனால் இது இன்ஷ்யூர்டு. இப்படி நினைத்துக்கொண்டால் மாறாது.

அடுத்து எல்லோரும் குழப்பும் ஜோடி, டிடக்டிபிளும் கோ-பேயும். ஆஸ்பத்திரி பில் 2 லட்சம் என்று வை. டிடக்டிபிள் 50,000 என்றால் முதல் ஐம்பதாயிரம் உன் தலையில், மீதி ஒன்றரை லட்சம் கம்பெனி. கோ-பே 10 சதவீதம் என்றால் பில்லில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 20,000 உன்னுடையது. டிடக்டிபிள் வாசல்படி, அதைத் தாண்டினால்தான் கம்பெனி உள்ளே வரும். கோ-பே பங்காளி, எல்லா ரூபாயிலும் கூடவே வருவான். இதை நான் வாடிக்கையாளர்களுக்கு இப்படித்தான் சொல்கிறேன், யாரும் திரும்ப போன் செய்து கேட்டதில்லை.

எல்ஐசி மாதிரி ஆயுள் பாலிசி என்றால் அதில் ஒரு தனி வாழ்க்கை வரலாறே இருக்கிறது. தவணை தேதி தாண்டினால் உடனே செத்துவிடாது, கிரேஸ் பீரியட் உண்டு, மாதத் தவணைக்கு 15 நாள், மற்றதற்கு 30 நாள். அதையும் தாண்டினால் 'லாப்ஸ்'. பாக்கியைக் கட்டி உயிர்கொடுத்தால் 'ரிவைவல்'. வேண்டாம் என்று பாதியில் ஒப்படைத்துப் பணம் வாங்கினால் 'சரண்டர்', அதில் கை கடிக்கும். இனிமேல் கட்ட முடியாது, ஆனால் பாலிசி கிடக்கட்டும் என்றால் 'பெய்ட்-அப்', தொகை குறைந்துவிடும். 20 வருஷத்தில் 8 வருஷம் கட்டியிருந்தால் 5 லட்சம் பாலிசி 2 லட்சமாக நிற்கும், போனஸ் கணக்கு வேறு. கடைசி வரை வந்தால் 'மெச்சூரிட்டி'. இதைக் கதையாகச் சொல்லிப் பார், பட்டியலாக எழுதாதே.

பாலிசியோடு வரும் கஸ்டமர் இன்ஃபர்மேஷன் ஷீட்டை வாடிக்கையாளர் கேட்டால் அவர் மொழியிலும் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. தமிழ்ப் பிரதி ஒன்று கிடைத்தால் இங்கிலீஷ் பிரதியைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி பார். அந்தத் தமிழ் சில இடத்தில் பல்லை உடைக்கும், அதைத் தாங்கிக்கொள். ரிசர்வ் வங்கி தளத்திலும் ஃபேம் என்று ஒரு நிதி விழிப்புணர்வுக் கையேடு தமிழிலும் இங்கிலீஷிலும் இலவசமாக இருக்கிறது. எளிமையானது, படம்கூட உண்டு.


ஐரோலி_நைட்ஷிஃப்ட் எழுதியது:

எனக்கு இந்தத் தமிழ் அர்த்த விஷயத்தில் உடன்பாடு இல்லை. ஆபீஸில் யாராவது க்ளெய்முக்குக் கோருரிமை, கொலாட்டரலுக்குப் பிணையம் என்றெல்லாம் பேசுகிறார்களா? எனக்கு அந்தத் தமிழ்ச் சொல்லுக்கே இன்னொரு அகராதி வேண்டும். நேரடியாக இங்கிலீஷிலேயே பழகுங்கள்.

சொல்லை மட்டும் படித்துப் பயனில்லை, அதோடு எந்த வினை வரும் என்பதையும் பிடிக்க வேண்டும். லோனை முதலில் 'சாங்ஷன்' செய்வார்கள், அப்புறம்தான் 'டிஸ்பர்ஸ்' செய்வார்கள். முதலாவது ஒப்புதல், இரண்டாவதில்தான் காசு. இது தெரியாமல் சாங்ஷன் லெட்டரைப் பார்த்ததும் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு விழித்தவர்களை எனக்குத் தெரியும். அபராதத்தை 'லெவி' செய்வார்கள், தள்ளுபடி செய்தால் 'வெய்வ்'. வட்டி 'அக்ரூ' ஆகும், அதாவது நாளுக்கு நாள் சேரும். செக்கை 'ஆனர்' செய்வார்கள், அதாவது ஏற்றுப் பணம் கொடுப்பார்கள். கடனை 'ரைட் ஆஃப்' செய்தார்கள் என்று செய்தி வந்தால் தள்ளுபடி என்று குதிக்காதீர்கள், அது பேங்க் தன் புத்தகத்தில் செய்துகொள்ளும் கணக்கு, கடனாளியைத் துரத்துவது தொடரும்.

நான் அமெரிக்க க்ளையன்ட்டுக்கு வேலை செய்கிறேன், அதனால் இன்னொரு பள்ளத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் லோனை முன்கூட்டியே கட்டி முடிப்பதை ஃபோர்க்ளோஷர் என்கிறோம், சந்தோஷமான விஷயம். அங்கே ஃபோர்க்ளோஷர் என்றால் தவணை கட்டாதவன் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோவது. ட்ரெயினிங்கில் நான் ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம், ஃபோர்க்ளோஷர் செய்ய விருப்பமா என்று சிரித்துக்கொண்டே கேட்டேன், நல்லவேளை அது நிஜ போன் கால் இல்லை, பயிற்சிக்கு வைத்தது. நம் எஃப்டி அங்கே சிடி. இஎம்ஐ என்றால் அவர்களுக்குப் புரியாது, மந்த்லி பேமென்ட் என்று சொல்ல வேண்டும். லட்சம், கோடியும் தெரியாது. 10 லட்சம் ஒரு மில்லியன், 100 கோடி ஒரு பில்லியன், இதை மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன், நான்கு வருஷம் கழித்தும்.


ஓய்வுபெற்ற_கேஷியர் எழுதியது:

நைட்ஷிஃப்ட் தம்பி, கோருரிமை என்று நானும் எங்கேயும் பேசியதில்லை. ஆபீஸ் தமிழை யார் கேட்டார்கள்? நான் சொல்வது வீட்டுத் தமிழ். சீட்டு எடுத்திருக்கிறீர்களா? ஏலத்தில் தள்ளிக் கேட்கிற தொகை டிஸ்கவுன்ட், அதில் எல்லோருக்கும் பிரிகிற கழிவு டிவிடெண்ட், சீட்டு நடத்துகிறவர் சட்டப்படி ஃபோர்மேன், அவர் எடுக்கிற பங்கு கமிஷன், 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு உச்சவரம்பு 7 சதவீதம். தாராவியில் சீட்டுப் போடுகிற அம்மாவுக்கு இது எல்லாம் விரல் நுனியில், இங்கிலீஷ் பெயர் மட்டும்தான் பாக்கி.

வட்டியும் அப்படித்தான். 'ஃப்ளாட் ரேட்' என்று விளம்பரத்தில் பார்த்தால் நம் ஊர் வட்டிக்கடைக் கணக்கு ஞாபகம் வர வேண்டும். 1 லட்சம், 12 சதவீதம், ஒரு வருஷம். ஃப்ளாட் என்றால் அசல் குறைந்தாலும் முழுத் தொகைக்கும் வட்டி, 12,000 ரூபாய், மாதம் 9,333. 'ரெட்யூசிங் பேலன்ஸ்' என்றால் மீதி அசலுக்கு மட்டும், மாதம் 8,885, வட்டி மொத்தம் ஏறக்குறைய 6,600. அதே 12, ஆனால் பாதிக்குப் பாதி வித்தியாசம். சொல்லை எழுதிப் பார்ப்பதைவிடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், அப்புறம் சொல் எங்கே ஓடும்?


ஐரோலி_நைட்ஷிஃப்ட் எழுதியது:

சீட்டு உதாரணம் நியாயம்தான் ஐயா, ஒப்புக்கொள்கிறேன். கோருரிமைக்கு மட்டும் நான் வர மாட்டேன்.


ஹார்பர்_லைன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், அதற்குள் மூன்று காகிதம் முடித்தேன். முதலில் என் பாஸ்புக், அது ஒரு மணி நேர வேலை. அப்புறம் ஆபீஸிலிருந்து பழைய ஹெல்த் பாலிசியின் விதிகள் மட்டும். அதில் அக்கா சொன்ன வாசல்படியையும் பங்காளியையும் நேரில் பார்த்தேன். நேற்றே அது உதவியது, ஒருவர் ஏன் முழுப் பணம் வரவில்லை என்று கத்தினார், கோ-பே இருக்கிறது சார் என்று பக்கத்தைக் காட்டினேன், சமாதானமாகவில்லை, ஆனால் கத்துவதை நிறுத்தினார். டெட் (டெப்டில் 'ப்' வராதாம்), மார்கேஜ், லீன் மூன்றையும் ரயிலில் முணுமுணுத்துக்கொண்டே வருகிறேன், பக்கத்தில் உட்காருகிறவர்கள் நகர்ந்துகொள்கிறார்கள்.

மூன்றாவது, ரூம்மேட்டின் புது பைக் லோன் பத்திரம். அதோடு கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட் என்று ஒன்று இருந்தது, அதில் வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு சதவீதம் என்று ஒரே எண்ணாகப் போட்டிருந்தார்கள். ஷோரூமில் அவனுக்குச் சொன்ன எண்ணும் இதுவும் ஒன்றில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு அதைக் கண்டுபிடித்து அவனை எழுப்பிச் சொன்னேன், நாளைக்குச் சொல்லியிருக்கலாம் என்று சண்டைக்கு வந்துவிட்டான்.

ஒரே ஒரு இடத்தில் நிற்கிறேன். 'இன்டர் ஆலியா' என்று நான்கு தடவை வருகிறது. ரூம்மேட் அது யார், சினிமா நடிகையா என்கிறான்.


மாட்டுங்கா_அக்கா எழுதியது:

லத்தீன் தம்பி. 'மற்றவற்றோடு சேர்த்து' என்று பொருள். பின்னால் வரும் பட்டியல் முழுப் பட்டியல் இல்லை, இன்னும் இருக்கிறது என்பதற்காக வக்கீல்கள் போடுவது. அந்த நான்கு இடத்திலும் என்னென்ன கட்டணம் என்று எழுதியிருக்கிறது, இங்கே போடு பார்க்கலாம்.